திருவனந்தபுரத்தில் மாமனார் மாமியாருக்கு வெஜ் ஊணு: எந்த மாதிரிக் கடை, என்ன சொல்லிக் கேட்பது?

குழித்துறைக்காரி

நான் குழித்துறை. கட்டிக்கொடுத்தது கரூரில், ஆனால் அவருக்கு மார்த்தாண்டத்தில் வேலை என்பதால் இங்கேயேதான் இருக்கிறோம். அடுத்த மாதம் அத்தையும் மாமாவும் வருகிறார்கள், அத்தைக்கு 71, மாமாவுக்கு 76. இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்கள். பத்மநாபசாமியைப் பார்க்க வேண்டும் என்று அத்தைக்கு ரொம்ப நாள் ஆசை. காரில் போய்விட்டு அன்றே திரும்பிவிடுவோம்.

கவலை சாப்பாட்டைப் பற்றித்தான். போன வருஷம் வந்தபோது களியக்காவிளையைத் தாண்டி, நெய்யாற்றின்கரைக்கு அப்புறம் ரோட்டோரம் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். ‘வெஜ் ஊணு’, அதாவது சைவச் சாப்பாடு, என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன். அவியல், தோரன் எல்லாம் நன்றாகவே வந்தது. சோறு போட்ட பிறகு வேறு ஒருவர் வாளியோடு வந்து, ‘சாறு’ என்று சொல்லிக்கொண்டே அத்தை இலையில் ஊற்றிவிட்டார். எங்கள் வீட்டில் சாறு என்றால் ரசம். அத்தையும் ரசம் என்றே பிசைந்து வாய்வரை கொண்டுபோய்விட்டார், அப்புறம்தான் வாசனை தெரிந்திருக்கிறது. மீன் சாறு. ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவிவிட்டு காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், பொறுப்பும் என்னுடையதுதான், இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தத் தடவை அவர் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும். பெரிய ஓட்டல் வேண்டாம், சாதாரணச் சைவ ஓட்டல் போதும். எந்த இடத்தில் தேடுவது, எத்தனை மணிக்குப் போவது, என்ன சொல்லிக் கேட்பது? மாமாவுக்குப் பல்செட். சிவப்பரிசிச் சோறு மெல்ல முடியாது. இரண்டு பேருக்கும் தேங்காய் எண்ணெய் வாசனை அவ்வளவாகப் பழக்கமில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பாறசாலை சப்ளையர்

தங்கச்சி, நான் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவிலும் தம்பானூர் பக்கத்திலும் சைவ ஓட்டல்களில் 19 வருஷம் சப்ளையராக இருந்தவன். உங்கள் அத்தைக்கு நடந்தது எனக்குப் புதிதில்லை, பாண்டியிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, வருகிற எத்தனையோ குடும்பங்கள் இதே மாதிரி எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான். கேரளத்தில் ‘ஊணு’ என்று மட்டும் எழுதியிருக்கிற சாதாரண ஓட்டலில் மீன் சாறு சாப்பாட்டோடு சேர்ந்தே வருவது. அதற்குத் தனிக் காசு கிடையாது, நம் ஊரில் சாம்பார் ஊற்றுவது மாதிரி வாளியில் கொண்டுவந்து கேட்காமலே ஊற்றுவார்கள். வறுத்த மீனுக்கு மட்டும்தான் தனியாகக் காசு. நீங்கள் ‘வெஜ்’ என்று சொன்னது ஆர்டர் எடுத்தவருக்குத் தெரியும், சாறு வாளி தூக்கி வருகிறவருக்குத் தெரியாது. அந்தக் கடைகளில் ‘வெஜ் ஊணு’ என்றால் மீன் பொரித்தது வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அதனால் முதல் விஷயம், அப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்து வெஜ் கேட்காதீர்கள். போர்டிலேயே ‘வெஜிடேரியன்’ என்றோ ‘ப்யூர் வெஜ்’ என்றோ பெரிதாக எழுதியிருக்கிற கடையாகப் பாருங்கள், அங்கே மீன் சட்டியே கிடையாது. ‘வெஜ் கிடைக்கும்’ என்று மூலையில் எழுதியிருப்பது வேறு, அதில் எண்ணெயும் கரண்டியும் பொதுவாக இருக்கும். நெடுஞ்சாலையில் இப்படிச் சுத்தச் சைவக் கடையைத் தேடிக்கொண்டு போவதைவிட நேராக நகரத்துக்குள் வந்துவிடுங்கள். கிழக்கே கோட்டை, சாலை, தம்பானூர் மூன்றும் பக்கம் பக்கம்தான், இந்த வட்டத்துக்குள் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. கிழக்கே கோட்டையிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சாலையில் தமிழ் பேசுகிற வியாபாரிகள் நிறையப் பேர், எந்தக் கடை இப்போது நன்றாக இருக்கிறது என்று அங்கே ஒரு பாத்திரக் கடையிலோ மளிகையிலோ கேட்டால் நேர்மையாகச் சொல்வார்கள். கடை பெயர் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை, சமையல்காரர் மாறினால் கடையும் மாறிவிடும்.

இரண்டாவது, நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு 12.15-லிருந்து 1.30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் தேங்காய். அவியல், எரிசேரி, புளிசேரி, தோரன் எல்லாவற்றிலும் பச்சைத் தேங்காய் அரைத்தோ துருவியோ சேர்த்திருக்கும், அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அந்த ருசி இறங்கிவிடும், வெயில் நாளில் புளிப்பும் தட்ட ஆரம்பிக்கும். 3 மணிக்கு மேல் வந்து அவியல் நன்றாக இல்லை என்று கோபப்படுகிறவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? நேரம் தப்பிவிட்டால் சாப்பாடு கேட்காதீர்கள், தோசை சொல்லுங்கள். தோசை கல்லிலிருந்து நேராக வருவது, அதில் பயமில்லை.

மாமாவுக்குச் சோறு விஷயம் சுலபம். இலை போட்டதும் சப்ளையரே ‘சம்பாவா, பச்சரியா?’ என்று கேட்பார். சம்பா என்றால் சிவப்பு மட்டை அரிசி, பருமனாக இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் தனித்தனியாக நிற்கும். பல்செட்டுக்கு ஆகாது. பச்சரி என்று சொன்னால் வெள்ளைச் சோறு, குழைவாக வரும். கேட்காமல் சம்பாவைப் போட்டுவிட்டால் மாற்றச் சொல்லத் தயங்க வேண்டாம், நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்று. இப்போது பரிமாறுகிறவர்களில் நிறையப் பேர் வங்காளம், அசாம் பக்கத்துப் பையன்கள். தமிழும் புரியாது, மலையாளமும் அரைகுறை. ஏதாவது விசேஷமாகச் சொல்ல வேண்டும் என்றால் கல்லாவில் இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் உள்ளே சொல்லிவிடுவார்.

கரமனை வாசி

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் கோயில் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பத்மநாபசாமி கோயிலில் நடை பகல் 12 மணிக்கு அடைத்தால் மாலை 5 மணிக்குத்தான் திறப்பார்கள். காலையிலும் விட்டு விட்டுத்தான் தரிசனம், இடையிடையே பூஜைக்கு நிறுத்துவார்கள். நீங்கள் விடிகாலையே கிளம்பி, 8.30-க்கு வரிசையில் நின்றால் தரிசனம் முடிந்து சாவகாசமாக 12 மணிக்குள் வெளியே வந்துவிடலாம், நேராகச் சாப்பாட்டுக்குப் போகலாம். 11 மணிக்கு வந்து சேர்ந்தால் தரிசனமும் போய், பசியும் ஏறி, வயதானவர்கள் 5 மணி வரை எங்கே உட்காருவார்கள்? மாமாவுக்கு வேட்டி, மேலே சட்டை கூடாது, துண்டு இருந்தால் நல்லது. அத்தைக்குச் சேலை போதும். நீங்கள் சுடிதார் போட்டால் மேலே ஒரு முண்டு சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்குப் பேசாமல் சேலையே கட்டிக்கொண்டு வாருங்கள்.

காலைப் பலகாரம் கிளம்பும்போதே வீட்டில் முடித்துவிடுங்கள். வழியில்தான் என்றால் இட்லி, தோசை கிடைக்கும் சைவக் கடையில் ரசவடை கேளுங்கள், பருப்பு வடையை ரசத்தில் ஊறவைத்தது. உங்களுக்குக் குழித்துறையில் தெரியாததா, கரூர்க்காரர்களுக்குத்தான் புதிதாக இருக்கும்.

உட்கார்ந்ததும் டம்ளரில் ரோஸ் நிறத்தில் வெந்நீர் வைப்பார்கள். மாமா பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பதிமுகம் என்று ஒரு மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது, சாயம் கிடையாது. சில கடைகளில் சீரகத் தண்ணீர், மஞ்சளாக இருக்கும். ‘வெள்ளம்’ என்று அவர்கள் சொல்வது தண்ணீரைத்தான். அதே மாதிரி ‘குறச்சு’ என்றால் கொஞ்சம் என்று அர்த்தம். ‘குறச்சு சோறு?’ என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்கிறார்கள். சோற்றைக் குறைக்கச் சொல்வதாக நினைத்து என் சித்தப்பா ஒருமுறை தலையாட்டிவிட்டு, வந்து விழுந்த சோற்றைப் பார்த்துத் திகைத்துப் போனார். போதும் என்பதற்கு ‘மதி’ என்று சொல்லிக் கையை இலைமேல் காட்டினால் போதும். முக்கியமாக, ‘கறி’ என்ற வார்த்தை. ‘கறி வேணோ?’ என்று கேட்டால் அத்தை பதறிவிடப் போகிறார், இங்கே கூட்டு, குழம்பு எல்லாமே கறிதான். சைவக் கடையில் இந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று காரிலேயே சொல்லிவிடுங்கள்.

காப்பி விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரூர் டிகாஷன் காப்பி மாதிரி எல்லாக் கடையிலும் வராது. இங்கே சாயாதான் நன்றாக இருக்கும்.

வாளையார் தாண்டி

நான் பாலக்காடு ஜில்லா, சித்தூர். எங்கள் பக்கமும் எல்லைதான், ஒரு பக்கம் பொள்ளாச்சி. தேங்காய் எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டில் அதைத் தவிர்க்கவே முடியாது, அவியலை இறக்கியதும் பச்சை எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவைப்பதுதான் அதன் உயிர். ஆனால் தோசையில் தப்பிக்கலாம். ‘நெய் ரோஸ்ட்’ என்று கேளுங்கள், நெய்யில் முறுகலாக வரும், வாசனைக்குத் தகராறு இல்லை. மசால் தோசை கேட்டால் உள்ளே பீட்ரூட் சேர்த்துச் சிவப்பாக இருக்கலாம். கெட்டுப்போனது இல்லை, பல கடைகளில் வழக்கமே அதுதான்.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செங்கல்லில் சுருள் மாதிரி ஏறிப்போகும் இந்தியன் காபி ஹவுஸ் ஒன்று இருக்கிறது, லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, கேரளத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுப்பார்கள். தொழிலாளர்களே நடத்துகிற கூட்டுறவுச் சங்கம், எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனால் அங்கே முட்டையும் இறைச்சியும் உண்டு, தரையும் மேசைகளும் சரிவில் ஏறிக்கொண்டே போகும், முட்டி வலி இருக்கிறவர்களுக்குச் சிரமம். உங்கள் அத்தை மாமாவோடு போகும்போது வேண்டாம், நீங்கள் தனியாக ஒரு நாள் போங்கள்.

அத்தை மாமா அடுத்த தடவை கோவை வழியாகக் குருவாயூர் போவதாக இருந்தால் எலப்புள்ளி பக்கத்தில் ராமசேரி என்ற கிராமத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறைகளாக இட்லி செய்கிற ஊர். நம் இட்லி மாதிரி உப்பலாக இருக்காது, தட்டையாக, சின்ன ஊத்தப்பம் மாதிரி இருக்கும். மண்பானையில் தண்ணீர் கொதிக்கும், அதன் வாயில் நூல் வலை கட்டிய மண் வளையம், அதன்மேல் துணி, துணிமேல் மாவு, புளிய விறகு அடுப்பு. பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தருவார்கள். அந்த இட்லியைத் தின்ற பிறகு தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று உங்கள் அத்தை சொல்லமாட்டார் என்பது என் நம்பிக்கை.

சுசீந்திரம் ஆச்சி

மக்களே, எல்லாரும் கடையைப் பற்றியே சொல்லிவிட்டார்கள், நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன். உன் அத்தைக்கு அது அந்நியச் சாப்பாடு என்று ஏன் நினைக்கிறாய்? 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஊரும் திருவிதாங்கூர்-கொச்சிதானே. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தது, அடுக்களை மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றாகவே நின்றுவிட்டது. நீ உன் அம்மா வீட்டில் ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் சாப்பிட்டது என்னவோ அதுதான் அந்த இலையிலும் வரும். மருமகளின் ஊர்ச் சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போ, அவர்கள் சாப்பிடுகிற விதமே வேறாக இருக்கும்.

முதலில் பருப்பு வரும். கரூரில் துவரம்பருப்புச் சாம்பார் முதலில் வரும், இங்கே சிறுபருப்பை வேகவைத்துத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்தது. அதில் நெய் விட்டு, பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைய வேண்டும். பப்படம் அப்பளம் மாதிரி மெல்லியதாக இருக்காது, உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்த்துச் செய்வது, பூரி மாதிரி உப்பி வரும். அதைத் தனியாகக் கடித்துத் தின்றுவிட்டால் பருப்புச் சோற்றுக்குத் துணை இல்லாமல் போய்விடும், இதை உன் மாமாவுக்கு நீயே நொறுக்கிப் போட்டுக் காட்டு. அப்புறம் சாம்பார். அப்புறம் புளிசேரி, ரசம், கடைசியில் மோர், கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இலை ஓரத்தில் கிச்சடி வைப்பார்கள், அது ரவா கிச்சடி இல்லை, வெள்ளரிக்காயோ பீட்ரூட்டோ தயிரில் போட்டுத் தேங்காயும் கடுகும் அரைத்துச் சேர்த்தது. பச்சடி இனிக்கும், பெரும்பாலும் அன்னாசிப்பழம். தீயல் வந்தால் கருப்பாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம், தேங்காயைக் கருகாமல் பழுப்பாகும் வரை வறுத்து அரைப்பதால் அந்த நிறம். சின்ன வெங்காயத் தீயல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

உன் அத்தை சஷ்டி, பிரதோஷம் என்று வெங்காயம் விடுகிறவராக இருந்தால் தீயலும் சாம்பாரும் வேண்டாம். ஓலன், புளிசேரி, எரிசேரி இவற்றில் வெங்காயம் சேர்ப்பது பழைய வழக்கம் இல்லை. ஆனாலும் ஓட்டல் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

விசேஷச் சாப்பாடு போடுகிற நாளாக இருந்தால் போளி வரும். மஞ்சளாக, காகிதம் மாதிரி மெல்லிசாக, உள்ளே கடலைப்பருப்புப் பூரணம். அதை இலையில் போட்டு மேலே பால்பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். திருவனந்தபுரத்துக்காரர்களும் நாமும் மட்டும்தான் இப்படிச் சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறேன், வடக்கே போனால் இது இல்லை. பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு இன்னும் ஒரு கை சோறு வாங்கி மோர் ஊற்றிச் சாப்பிட்டால்தான் வயிறு அடங்கும்.

குழித்துறைக்காரி

அண்ணன், ஆச்சி, எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்விட்டு வந்தோம். காலை 5.30-க்குக் கிளம்பி, தரிசனம் முடித்து, 12.20-க்கு இலையில் உட்கார்ந்துவிட்டோம். சாலையில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் அந்த ஓட்டலைக் கண்டுபிடித்தோம், பேசினால் அவர் வள்ளியூர்க்காரர்.

அத்தை முதலில் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை. கல்லாவில் போய் நான் சொன்னேன், போன வருஷம் இப்படி ஆகிவிட்டது, அம்மா பயப்படுகிறார் என்று. அந்த மனிதர் எழுந்து எங்கள் மேசைக்கே வந்து, “அம்மா, இந்தக் கடையில் மீன் இல்லை, முட்டை இல்லை, அடுக்களையை வந்து பாருங்கள்” என்று தமிழிலேயே சொன்னார். அத்தை நிஜமாகவே எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்! அதற்கப்புறம்தான் கை வைத்தார். மாமா பச்சரி வாங்கிக்கொண்டார், பப்படத்தை நான் நொறுக்கிப் போட்டேன், மூன்றாவது பப்படம் அவரே கேட்டு வாங்கினார். ரோஸ் தண்ணீரை இரண்டு பேருமே தொடவில்லை, அது பரவாயில்லை. எண்ணெய் வாசனை அவியலில் கொஞ்சம் தெரிந்தது என்று மாமா சொன்னார், அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

ஓலனை மட்டும் அத்தை மூன்று தடவை வாங்கினார். சப்ளையர் தம்பிக்கு ஓலன் என்ற பெயர் தெரிய வேண்டியிருக்கவில்லை, அத்தை இலையில் விரலால் தொட்டுக் காட்டினார், அவனும் சிரித்துக்கொண்டே வைத்தான். திரும்பி வரும்போது காரில் பாறசாலை வரும்வரைக்கும் அதே பேச்சு, அதில் மஞ்சள் போடவில்லையே, தாளிக்கவில்லையே, எப்படி அந்த ருசி என்று. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் வீட்டில் ஒருமுறை அவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று ஆசை. என் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். ஆச்சி, நீங்கள் சொல்லித்தருவீர்களா?

சுசீந்திரம் ஆச்சி

சொல்லாமல் என்ன மக்களே. அத்தை ஊரில் பெயர் வேறாக இருக்கும், அதனால் அதையும் சொல்லிவிடு, தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி, வன்பயறு என்றால் சிவப்புத் தட்டைப்பயறு.

வன்பயறு ஒரு கைப்பிடி ராத்திரியே ஊறப்போடு. காலையில் உப்புப் போடாமல் வேகவை. உடையக் கூடாது, நசுக்கினால் மசிய வேண்டும், அவ்வளவுதான். தடியங்காயைத் தோலும் குடலும் எடுத்து, பெரிய பெரிய துண்டாக இல்லாமல், சதுரமாக மெல்லிசாக நறுக்கு. ஒரு தேங்காய் துருவிப் பால் எடு, முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. இரண்டாம் பாலில் தடியங்காயும் கீறின பச்சைமிளகாய் நாலும் உப்பும் போட்டு மூடிச் சின்னத் தீயில் வேகவை. காய் கண்ணாடி மாதிரி ஆனதும் பயற்றைச் சேர்த்து ஒரு கொதி. தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு, கொதித்தால் பால் திரிந்துவிடும். இறக்கின பிறகு கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, உடனே தட்டுப் போட்டு மூடு. கால் மணி நேரம் திறக்காதே.

எண்ணெய் விடும்போது அத்தை பக்கத்தில் நிற்கட்டும். அளவு குறைக்கச் சொன்னால் குறைத்துக்கொள், ஆனால் விடாமல் இருந்துவிடாதே.